எட்டு மெய்ப்பாடும் எட்டுத் திரைப்படமும்

திரைப்பட ஆர்வலர் இருவர் ஓரிடத்தில் கூடினால், "உமக்கு மிகவும் உவந்த படம் யாது?" என்னும் வினா எழாமற் போவதில்லை. எளிய வினாவே, ஆனால் ஒரே பெயரைச் சொல்லி விடை கூறி முடிப்பது அரிது. வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படத்தையும், நெஞ்சு கனக்க வீடு திரும்பச் செய்த படத்தையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் ஆகுமா? பொன் நிறுக்கும் தராசில் விறகை வைத்தாற்போல் முடியும். ஆதலின், வகைக்கு ஒன்றாகச் சொல்வதே முறை.

வகை என்றவுடன் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. புராணப் படம், சரித்திரப் படம், சமூகப் படம், மர்மப் படம் என முன்னாளில் விளம்பரத் தாள்கள் பிரித்தன. அதிரடி, திகில், காதல், நகைச்சுவை என இந்நாளில் பிரிக்கிறார்கள். இப்பெயர்களுட் பல, படத்தில் உள்ள உடையையும் காலத்தையும் நிகழ்ச்சியையும் நோக்கி இட்டவை. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யும் 1979-இல் வந்த 'உதிரிப்பூக்க'ளும் பழைய கணக்கின்படி சமூகப் படங்களே. ஒன்று சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பது. மற்றொன்று பேச்சற்று உட்கார வைப்பது. இவ்விரண்டையும் ஒரே அறையில் அடைக்கும் பிரிவினால் யாருக்கு என்ன பயன்?

நம் கையிலேயே இதனினும் நல்லதொரு பிரிவு இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. உள்ளத்தில் எழுந்த உணர்வு உடலின்கண் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாவது மெய்ப்பாடு. இதனை விளக்கப் புகுந்த உரையாசிரியர்கள் கூத்தையும் அதனைக் காண்போரையும் எடுத்துக்காட்டியே பேசினர். எனவே திரைக்கூத்தைப் பார்க்கும் நாம் இவ்வியலைத் துணைக்கு அழைப்பதில் தவறில்லை.

எட்டையும் பெயர் கூறிய அளவில் தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் இன்ன நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்று வரையறுத்து, முப்பத்திரண்டையும் அடைவே கூறினார். காரணமின்றி வரும் சிரிப்பும் காரணமின்றி வரும் அழுகையும் அவர் கணக்கில் இல்லை. இதுவே திரைப்படத்தை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் உரைகல். ஒரு படம் நம்மிடம் எழுப்பும் உணர்ச்சி யாது, அவ்வுணர்ச்சி எந்த நிலைக்களத்தின்மேல் நிற்கிறது என்று கேட்டால் போதும். பொன்னும் பித்தளையும் பிரிந்துவிடும். அவ்வாறு உரசிப் பார்த்து எனக்கு உவந்தனவாகக் கொண்ட எட்டுப் படங்களைத் தொல்காப்பியர் வைத்த முறையிலேயே ஈண்டுக் கூறுகிறேன்.

நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகையின் நிலைக்களங்கள். நம் நகைச்சுவைக் காட்சிகளுட் பல எள்ளல் ஒன்றையே பற்றி நிற்பவை. ஒருவனுடைய நிறத்தையும் உருவத்தையும் திக்குவாயையும் காட்டிச் சிரிக்கச் சொல்கின்றன. மற்ற மூன்று களங்களும் உழப்படாத நிலமாய்க் கிடக்கின்றன.

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' அந்நிலத்தை உழுத படம். செல்வர் விசுவநாதனாக டி. எஸ். பாலையாவும், அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். செல்லப்பாவுக்குப் படம் எடுக்கும் ஆசை. கையில் காசு இல்லை; 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்னும் பெயர் மட்டும் இருக்கிறது. தந்தையிடம் பணம் பெறுவதற்காக அவருக்குத் தன் கதையைச் சொல்கிறான். சொல்லும் கதையோ அச்சந்தரும் கதை. காடும் இருளும் காலடியோசையும் அவன் குரலிலும் கையசைவிலுமே பிறக்கின்றன. கேட்கும் பாலையா மிகுதியாக ஒன்றும் பேசுவதில்லை. அவருடைய கண்ணும் கன்னமும் பேசுகின்றன. மகன் சொல்வது கட்டுக்கதை என்று தெரிந்தும் நடுங்கும் தந்தையின் பேதைமையே நமக்கு நகையாகிறது.

ஒருவர் அச்சத்திலிருந்து மற்றவர் நகை பிறக்கும் இந்நுட்பம் கருதத்தக்கது. பேய் வேடமும் மாயக் காட்சியும் அங்கே இல்லை. ஒரு குரலும் ஒரு முகமும் போதுமாயின. கதை சொல்லும் கலையை மாணவர்க்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அருமை.

அழுகை

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்குக் களங்கள். தமிழ்த் திரையில் அழுகைக்குப் பஞ்சமில்லை. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' (1961) பார்த்து அழாதவர் அரியர். ஆயினும் நான் தேர்வது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' என்னும் படத்தை.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்னும் குறுநாவல் தந்த தூண்டுதலால் எழுந்த கதை இது. ஊரில் செல்வாக்குடைய சுந்தரவடிவேலு, நோயுற்ற மனைவியையும் இரு குழந்தைகளையும் கொடுமையினாலும் புறக்கணிப்பினாலும் வாட்டுகிறான். விஜயன் நடித்த அப்பாத்திரம் உரக்கக் கத்துவதில்லை. மெல்லிய சொற்களாலேயே புண்படுத்துகிறான். மனைவி இறக்கிறாள், அவன் கொடுமை வளர்கிறது. இறுதியில் ஊரார் ஒன்று கூடி அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். ஊராரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே தான் செய்த பிழைகளுள் பெரியது என்னும் பொருள்பட அவன் கூறி ஆற்றில் இறங்குகிறான். கரையில் அவனுடைய குழந்தைகள் நிற்கின்றன.

அவன் ஒழிய வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்த நாம், அக்குழந்தைகளைக் கண்டதும் திகைக்கிறோம். நமக்குக் கொடியவன்; அவற்றுக்குத் தந்தை. இழவு என்னும் நிலைக்களம் இங்கே எவ்வளவு ஆழமாகத் தோண்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணுக. மகேந்திரன் அதற்கு முன்னர் 'தங்கப்பதக்கம்' (1974) முதலிய படங்களுக்கு வசனம் எழுதிப் புகழ்பெற்றவர். அத்தகையவர் தம் படத்தில் சொற்களைக் குறைத்து மௌனத்தைப் பேச விட்டார். எங்கே பேசக்கூடாது என்பதும் மொழியறிவின் ஒரு பகுதியே அன்றோ?

இளிவரல்

இளிவரலைப் பலர் அருவருப்பு என்று மட்டும் பொருள் கொள்வர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நிலைக்களங்களை நோக்கினால், பிறர் பார்வையில் தாழ்ந்துபோன ஒருவன் உள்ளத்தில் ஏற்படும் குன்றலையும் அது குறிக்கும் என்பது விளங்கும். இவ்வுணர்ச்சியை நேர்நின்று காட்டத் திரைப்படங்கள் தயங்கும். தாழ்வைக் காணக் காசு கொடுத்து வருவோர் யார்?

தயங்காத படம் ஒன்று நம் மலேசிய மண்ணிலேயே எழுந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படமே அது. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதை அது பெற்றது. தீய, கெட்ட என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்து வழங்குவதையே படம் தன் பெயராக்கிக் கொண்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பெயர்ந்தபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்வது கதை. அப்போய் என்னும் குறும்புக்காரச் சிறுவன் படித்து முன்னேற வேண்டும் என்று உழைப்பாளியான தந்தை கண்டிப்புக் காட்டுகிறார். சிறிய தகப்பன்மார் இருவருள் ஒருவர் குண்டர் கும்பலில் இருப்பவர். மற்றவர் போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர். சிறுவனுடைய கண் எப்பக்கம் சாய்கிறது என்பதே படம். வலியவனைக் கண்டு வியக்கும் அவ்விளம்பிள்ளையின் வியப்புக்குக் கீழே, வீட்டின் எளிமை தரும் குன்றல் ஒளிந்திருக்கிறது. படம் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. வீரனாக்கி ஊர்வலம் விடவும் இல்லை. இவன் இப்படியானது எவ்வாறு என்று மட்டும் நம்மைக் கேட்கிறது. பாத்திரங்கள் பேசுவது நம் தெருவிலும் கடையிலும் கேட்கும் மலேசியத் தமிழ். அவ்வழக்கைத் திரையில் கேட்டபோது, நாமும் கதைக்கு உரியவர்களே என்னும் எண்ணம் பிறந்தது.

மருட்கை

மருட்கையாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதன் களங்கள். பெருமை வியப்புத் தருவது இயல்பு. சிறுமையும் வியப்புத் தரும் என்றாரே, அதுதான் நுட்பம்.

ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' (1965) இவ்விரு களங்களையும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே நிறுத்தியது. பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொன்னுக்கு ஏங்கிக் கோயிலில் புலம்பும் தருமியாக நாகேஷ். அவன்முன் தோன்றும் இறைவனாகச் சிவாஜி கணேசன். ஒருவர் எல்லாம் வல்லவர். மற்றவர் அடுத்த வேளை உணவுக்கு வழியற்றவர். அங்கு நிகழும் வினாவிடையைத் தமிழறிந்தார் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வர். இறைவனிடமே வறுமையின் பொறுமையின்மையோடு பேசும் தருமியின் சிறுமை, இறைவனின் பெருமைக்கு ஈடாக நின்றுவிடுகிறது.

இக்கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ளது. தருமி கொண்டு சென்றதாகக் கூறப்படும் பாடல், இறையனார் பெயரால் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக நிற்கிறது. அப்பாட்டில் குற்றங்கண்ட நக்கீரராக நடித்தவர் இயக்குநர் நாகராசனே. பாட்டில் பிழை என்று தோன்றியதை, எதிரில் நிற்பவர் யாராயினும் எடுத்துரைக்கும் புலமை நெஞ்சம் அங்கே காட்சியாகிறது. படத்தைக் கண்டுவிட்டு மறுநாளே குறுந்தொகையைத் திறக்கும் மாணவன், சங்கப் பாடலைத் தேர்வுக்குரிய சுமையாகக் கருதமாட்டான்.

அச்சம்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அச்சத்தின் களங்கள். பேய்ப்படங்கள் முதற்களத்தைப் பற்றியவை, காட்டுப்படங்கள் இரண்டாவதை. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி. எம். நிறுவனம் எடுத்த 'அந்த நாள்' (1954) மூன்றாவதைத் தேர்ந்தது. கள்வர் என்பதற்கு இங்கே விரிந்த பொருள் கொள்ள வேண்டும். உள்ளத்தைக் கரந்து ஒழுகுவாரும் கள்வரே.

1943-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரவு சென்னைமீது சப்பானிய விமானம் குண்டு வீசியது. அதை ஒட்டிய காலையில் வானொலிப் பொறிஞன் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறக்கிறான். இதுவே படத்தின் தொடக்கம். துப்பறிவோர் ஒவ்வொருவரையும் உசாவுகின்றனர். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறொரு ராஜன் தோன்றுகிறான். குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) என்னும் சப்பானியப் படம் கையாண்ட முறையை இது நினைவூட்டும். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. இதுவரை காணாதார் கண்டு அறிக.

பாட்டு இல்லை; நடனம் இல்லை; சண்டை இல்லை. அந்நாளில் தமிழ்ப் படத்துக்கு இவை எவ்வளவு துணிவு! பாட்டுக்கு எழுந்து போக வழியின்றி, காண்போர் சொற்களையே உற்றுக் கேட்க வேண்டியிருந்தது. சப்பானியர் ஆட்சியில் மூன்றாண்டுக்கும் மேலாக வாடிய மலாயா, சிங்கப்பூர் மக்களுக்குப் போர்க்கால ஐயம் எத்தகையது என்பதைக் கூற வேண்டியதில்லை. அடுத்த வீட்டான் யாரோ என்னும் அச்சத்தை, இந்த வீட்டான் யாரோ என்று மாற்றி நடுங்க வைத்ததே இப்படத்தின் வெற்றி.

பெருமிதம்

கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன பெருமிதத்தின் களங்கள். இவ்விடத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தைப் பலர் எதிர்பார்ப்பர். அது சிறந்த படமே. 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதை ஈட்டித் தந்தது. எனினும், வாளேந்தாத பெருமிதம் ஒன்றைக் காட்டியமையால் 'மந்திரி குமாரி' (1950) என் நெஞ்சில் முன்னிற்கிறது.

எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம் ஆகியோர் இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுதிய இப்படம் குண்டலகேசிக் கதையைத் தழுவியது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூலில் நமக்குக் கிடைத்தவை சில பாடல்களே. கள்வனைக் காதலித்து மணந்த பெண்ணை அவன் மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல எண்ணுகிறான். சாகுமுன் கணவனை வலம்வர விரும்புவதாகக் கூறி, அவள் அவனையே தள்ளிவிடுகிறாள். படத்தில் மந்திரியின் மகளாக மாதுரி தேவியும், ராஜகுருவின் மகனாகிய கொள்ளையனாக எஸ். ஏ. நடராஜனும் நடித்தனர். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இனிய பாட்டு ஒன்றோடு அம்மலையேற்றம் நடக்கிறது. இனிமையின் அடியில் நஞ்சு.

படத்தின் வீரனாகிய எம். ஜி. ஆர். அவ்வேளையில் அங்கே வந்து அவளைக் காப்பாற்றவில்லை. தன்னைக் காத்தவள் அவளே. அவளுக்குத் துணைநின்றது அவள் அறிவே. அவள் செய்ததும் கொலைதானே என்று கேட்கலாம். ஆம்; ஆயினும் நாம் பெருமிதம் கொள்வது அவன் விழுந்தமைக்காக அன்று. சாவு எதிரில் நின்றபோதும் கலங்காத தறுகண்மைக்காகவே.

வெகுளி

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என வெகுளியின் களங்கள் நான்கு. உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அடித்தும் வைதும் துன்புறுத்தல், உயிர் கொல்லல் என்பன அவை. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யில் இந்நான்கின் சாயலும் இருப்பதைக் கண்டு வியந்தேன்.

கதையில் வரும் அண்ணன் தம்பியர் மூவரும் இரங்கூனில் வாழ்பவர்கள். தங்கை கல்யாணி மதுரையில் இருக்கிறாள். போர்க்காலத்தில் ஒருவனுக்கு மட்டுமே கப்பலில் இடம் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் கப்பலேறுகிறான். வந்து சேர்வதற்குள் வீடு சிதைந்துவிடுகிறது. மற்ற இருவரும் பர்மாவிலிருந்து அகதிகளாய் வர, அவர்களுள் ஒருவன் காலை இழந்து பிச்சையெடுக்க நேர்கிறது. கணவனையும் தந்தையையும் இழந்த கல்யாணி, புகலிடம் தேடிய இடமெல்லாம் துன்புறுத்தப்பட்டுத் தன் குழந்தையை ஆற்றில் எறிந்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கிறாள். உறுப்பிழப்பு, குடிகேடு, அலைப்பு, கொலைப்பழி என நான்கும் அடுக்கிவந்த பிறகே குணசேகரன் கூண்டில் ஏறிப் பேசுகிறான். சிவாஜி கணேசன் நடித்த முதற்படத்தின் அப்பேச்சை இளைஞர்கள் மனப்பாடம் செய்தனர்.

மேடைப் போட்டிகளில் அப்பேச்சை நம் மாணவர் முழங்குவதுண்டு. ஆனால் அவ்வெகுளிக்கு முன்னர் நிகழ்ந்தவை இவ்வளவு என்பதை அறிந்து முழங்குவோர் சிலரே. காரணத்தை விட்டுவிட்டு வெகுளியை மட்டும் எடுத்தால் எஞ்சுவது கூச்சல். கடல் கடந்து பிழைக்கச் சென்ற குடும்பத்தின் கதை இது என்பதும், நம்மைப் போன்றாரின் முன்னோர் பட்ட பாடு இதில் உண்டு என்பதும் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கன.

உவகை

செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன உவகையின் களங்கள். புலன் என்பதைக் கல்வியால் வரும் அறிவு எனக் கொள்ளலாம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இக்களங்களிலெல்லாம் கால்வைத்து ஆடிய படம்.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவலை ஏ. பி. நாகராசன் திரைக்குக் கொண்டுவந்தார். சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாகசுரக் கலைஞனாகச் சிவாஜி கணேசனும், ஆடலரசி மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். நாகசுரத்துக்கும் சதங்கைக்கும் நிகழும் போட்டியே காதலின் மொழியாகிறது. திரையில் ஒலித்த நாகசுரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்களுடையது. கே. வி. மகாதேவன் இசையமைத்தார். சிவாஜி வாசிப்பதுபோல் நடிக்கும்போது அவருடைய கன்னமும் கழுத்தும் விரலும் இசையோடு ஒத்து இயங்குவதை ஊன்றிக் காண்க.

தவில்காரராகப் பாலையாவும், சூழ்ச்சிக்கார வைத்தியாக நாகேஷும், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமாவும் ஆளுக்கொரு பேச்சு வழக்கோடு வருகிறார்கள். நாடகக் கொட்டகைத் தமிழ், இசைவாணர் குழுவின் தமிழ், செல்வர் மாளிகையின் தமிழ் எனத் தஞ்சை மண்ணின் பல குரல்கள் ஒரே படத்தில் கேட்கும். தன் தொழிலில் தேர்ந்தவன், தனக்கு ஈடான மற்றொரு தேர்ச்சியைக் கண்டு கொள்ளும் உவகை எத்தகையது என்பதை இதனினும் இனிதாகச் சொன்ன படம் நான் கண்டதில்லை.

உரைகல்லின் பயன்

எட்டையும் கூறினேன். என் விருப்பப் பட்டியலோடு யாவரும் உடன்பட வேண்டும் என்பது என் கருத்தன்று. பட்டியலினும் முதன்மையானது அதனை வகுக்க உதவிய உரைகல். அதனை இன்று நாம் கையிலெடுக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு.

கொலையைத் தொல்காப்பியர் எங்கே வைத்தார்? வெகுளியின் நிலைக்களமாக வைத்தார். கொலை நிகழ்ந்தால் நெஞ்சு சினக்க வேண்டும் என்பது அதன் பொருள். இன்றைய படங்கள் பலவற்றில் கொலை அவ்விடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. தலைவன் ஒருவரை ஒருவர் பின் ஒருவராக வெட்டிச் சாய்க்கையில் இசை முழங்குகிறது, அரங்கம் சீழ்க்கையடிக்கிறது. வெகுளிக்குரிய களத்தைக் கொண்டுபோய் உவகையின் இடத்திலும் பெருமிதத்தின் இடத்திலும் நட்டுவிட்டார்கள். தறுகண்மையை விடுத்துக் கொலையை மட்டும் காட்டிப் பெருமிதம் கொள்ளச் செய்வதும், நோயையும் வறுமையையும் காட்டி நகைக்கச் செய்வதும் களம் மாறிய மெய்ப்பாடுகளே. கண்ணீர்ப் படத்தில் கண்ணீர் வடிப்பதனாலோ, சண்டைப் படத்தில் கை தட்டுவதனாலோ ஒருவன் கெட்டுவிடுவதில்லை. எதற்காகக் கை தட்டினோம் என்று அறியாமலே தட்டிப் பழகுவதுதான் கேடு. அப்போய் போன்ற சிறுவர் எத்தனையோ பேர் அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரைப்படம் பாராதே என்று மாணவனிடம் சொல்வதால் பயனில்லை. முன்பு கொட்டகைக்குப் போனால்தான் படம்; இப்பொழுது அது கைப்பேசியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் தமிழ் அருகிவிட்ட குடும்பங்களில், பிள்ளையின் காதில் தொடர்ந்து விழும் தமிழ் திரைப்படத் தமிழாகவே இருத்தலும் உண்டு. ஆதலின் தடுப்பதைவிடக் கேட்கக் கற்பிப்பதே நன்று. மூன்று வினாக்கள் போதும். இக்காட்சி உன்னிடம் எழுப்பிய மெய்ப்பாடு யாது? எந்த நிலைக்களத்தால் அது எழுந்தது? அக்களம் அம்மெய்ப்பாட்டுக்கு உரியதுதானா?

இவ்வினாக்களுக்கு விடைதேடும் மாணவன் இரண்டு பயன் அடைவான். தன் சிரிப்பையும் சினத்தையும் தானே ஆராயும் பழக்கம் வரும். மெய்ப்பாட்டியல் என்பது தேர்வுக்கு உருப்போட வேண்டிய பழஞ்சூத்திரம் அன்று, நேற்று மாலை தான் பார்த்த படத்தைப் பற்றியும் அது பேசுகிறது என்னும் தெளிவு பிறக்கும். ஆசிரியப் பெருமக்கள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கிப் பார்ப்பாராக. முதலில் தத்தமக்கு உவந்த எட்டுப் படங்களைத் தாமே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் நிலைக்களத்தைக் குறித்துக் கொள்க. எட்டுள் எந்த இடம் நிரம்பாமல் வெறுமையாய் நிற்கிறதோ, அவ்வகையில் இனிப் பார்க்க வேண்டிய நல்ல படம் ஒன்று எங்கோ காத்திருக்கிறது என்று கொள்ளலாம்.